பூட்டியவர் பெயர்

பூட்டுக்கு எண்ணெய் விடக்கூடாது அய்யா. நிறையப் பேருக்கு இது தெரியாது. எண்ணெய் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆறே மாதத்தில் பூட்டு மக்கர் பண்ணும். பென்சில் முனையைச் சீவித் தூளாக்கி, சாவித் துவாரத்தில் ஊதிவிட வேண்டும். எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் கற்பகவல்லி மேடம். அதற்காகத்தான் வாழ்நாளில் முதன்முதலாகப் பென்சில் வாங்கினேன்.

"பூட்டுக்கு மட்டுமா பென்சிலு? நீங்களும் ரெண்டு எழுத்துப் பழகுங்கண்ணே" என்று பழைய காலண்டர்த் தாள்களைப் பின்பக்கம் எழுதக் கொடுத்தார். அப்போது எனக்கு வயது ஐம்பத்து மூன்று. இதை நானே எழுத முடிகிறது என்றால் அது அவர் போட்ட பிச்சை.

சிவகாசி ரோட்டில் இருக்கும் அந்த ஓவிய மியூசியத்துக்கு அவர்தான் தலைமைக் காப்பாட்சியர். காலண்டர் சாமிப் படங்களின் மூல ஓவியம், வெடிக்கட்டு லேபிள், தீப்பெட்டிப் படம் என்று எது உள்ளே வரவேண்டும், எது எந்தச் சுவரில் தொங்கவேண்டும், எல்லாம் அவர் சொல்தான். நான் வைப்பறை ஆள். துடைப்பது, தூக்குவது, பூட்டுவது என் வேலை. பட்டாசு விபத்தில் செத்தவர்கள் வீட்டுக்கு ஒரு வேலை கொடுக்கவேண்டும் என்று டிரஸ்டிகளிடம் அவர் மல்லுக்கட்டியதில் எனக்குக் கிடைத்தது. என் சம்சாரம் முருகேஸ்வரி பதினோரு வருஷத்துக்கு முன்னால், தீபாவளி சீசனில், ஒரு கம்பெனி ஷெட்டுக்குள் கருகிப்போனாள். மகள் எழிலுக்கு அப்போது பதிமூன்று. இப்போது மதுரையில் நர்ஸாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, என்னை உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் போவாள். எனக்கு இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

நாலு மாதத்துக்கு முன்னால் அந்தப் பழைய கம்பெனியை இடித்தார்கள். அங்கிருந்து ஒரு கதவு வந்தது. பாதி கரி. பூட்டு மட்டும் அப்படியே தொங்கியது.

டிரஸ்டி ஒருவர், "எரிஞ்ச பூட்டப் பாக்க எவம்மா டிக்கெட்டு எடுப்பான்?" என்று கேட்டார்.

மேடம் சிரித்தார். "லேபிள்ல இருக்கிற லெச்சுமிய மாட்டுறோம். அந்த லேபிள ஒட்டுன லெச்சுமிக்கு ஒரு சுவரு கிடையாதா சார்?"

அதற்கென்று தனி அறை ஒதுக்கினார். கீழே வைக்கிற அட்டையை என்னிடம்தான் முதலில் படிக்கக் கொடுத்தார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'கதவும் பூட்டும். உள்ளே எட்டுப் பேர் இறந்தனர். பூட்டியவர் பெயர் தெரியவில்லை.' தப்பில்லாமல் படித்ததற்குக் கைதட்டினார்.

"தெரியலன்னா அப்படியே விட்ருங்க மேடம்" என்றேன்.

"அதெப்படிண்ணே? ஒரு பொருள் நம்மகிட்ட வந்தா, யார் யார் கைபட்டு வந்துச்சுன்னு கடைசி ஆளு வரைக்கும் தேடணும். எங்க பொழப்பே அதான்."

தேடினார். அன்றைக்குக் கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டு வெளியே விழுந்த ஒருத்தி, முத்துச்செல்வி, இருக்கன்குடிக் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் விற்கிறாள். திங்கட்கிழமை அவளைப் பார்த்துவிட்டு மேடம் நேராக என்னிடம் வந்தார். நான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பூட்டினது நீங்கன்னு சொன்னாண்ணே."

"ஏசினாளா?"

"இல்ல. அவுகளும் பாவந்தான்னா." என் கையிலிருந்த துணியை வாங்கி ஓரமாக வைத்தார். "பூட்டச் சொன்ன மேனேஜர் பேரு, பூட்டின உங்க பேரு, ரெண்டையும் போடணும். உங்க சம்மதம் இல்லாமப் போடமாட்டேன். எழில்கிட்ட நீங்களே சொல்லிருங்க. ஞாயித்துக்கிழமை திறப்புக்கு அவளுக்கும் பத்திரிகை அனுப்பியிருக்கேன்."

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்றேன்.

போடமாட்டேன் என்றால் போடமாட்டார். அது எனக்குத் தெரியும். ஆனால் எழில் வந்து நின்று, பூட்டியது யார் மேடம் என்று கேட்டால் பொய் சொல்லவும் மாட்டார். நான் அந்த நேரத்தில் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்ததாகத்தான் எழிலிடம் சொல்லியிருந்தேன்.

நடந்தது இதுதான். நானும் அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தேன். சோதனைக்கு அதிகாரிகள் ஜீப்பில் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. நாலு பேர் உட்கார வேண்டிய ஷெட்டில் ஒன்பது பெண்கள் இருந்தார்கள். பூட்டிப்போட்டால் வேலை நடக்காத ஷெட் என்று நினைத்துப் போய்விடுவார்கள். சீசனில் எல்லாரும் செய்கிறதுதான். மேனேஜர் பூட்டச் சொன்னார். ஜீப் போகிறவரைக்கும் திறக்கக்கூடாது என்றார். பூட்டினேன். முதலில் புகைதான் வந்தது. முருகேஸ்வரி என் பெயரைச் சொல்லமாட்டாள். "எழிலப்பா, எழிலப்பா" என்று கூப்பிட்டாள். சாவி என் மடியில் இருந்தது. ஜீப் இன்னும் வாசலில் நின்றது.

மியூசியத்துக்குப் புதிதாக வருகிற மரம் பூச்சியோடு வரும். அதைப் பூச்சிமருந்து அறையில் வைத்து, எட்டிப்பார்த்து, மூன்று தடவை குரல் கொடுத்துப் பூட்டவேண்டும். பூட்டிய கால் மணி நேரத்தில் பூச்சியைக் கொல்லும் விஷப்புகை தானாக வரும். அந்த அறையின் உள்பக்கத் தாழ் பழுது, உள்ளேயிருந்து திறக்க வராது என்று பத்து நாளைக்கு முன்னமே எழுதிக் கொடுத்திருந்தேன். நான் எழுதிய முதல் புகார் அது. ஒரு எழுத்துப் பிழை இருந்தது. மேடம் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு பூச்சிமருந்து அறையில் இருந்த அந்தக் கரிக்கதவை அளவெடுக்க மேடம் உள்ளே போனார். போன் மேஜைமேல் இருந்தது. செருப்பு வாசலில் கிடந்தது. மற்றவர்கள் மாடியில் படம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று தடவை குரல் கொடுத்தேன். உரக்கக் கொடுக்கவேண்டும் என்று விதியில் இல்லை. பூட்டினேன். யாரும் மிதித்துவிடாமல் செருப்பை ஓரமாக எடுத்து வைத்தேன்.

அறைக் கதவு கனத்ததுதான். ஆனால் பக்கத்தில் நின்றால் கேட்கும். நின்றேன். முதலில் சிரித்துக்கொண்டேதான் கூப்பிட்டார். "ஒச்சப்பண்ணே, உள்ள ஆளு இருக்குண்ணே." பிறகு தட்டினார். தட்டுகிற சத்தம் போகப்போக எப்படி மாறும் என்று எனக்கு முன்பே தெரியும். கடைசியில், "அட்டை வேண்டாம்ணே" என்றார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. வேலையில் எதையும் பாதியில் விட்டவரில்லை அவர்.

ஸ்டேஷனிலிருந்து நீங்களே வந்து பார்த்துவிட்டு, தாழ் பழுது, விபத்து என்று எழுதிக்கொண்டு போனீர்கள். திறப்பு விழா நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை எழில் வந்தாள். நான் அழுதேன். மேடத்துக்காகத்தான் அழுதேன், அது நடிப்பு இல்லை. தலையில் எண்ணெய் வைத்தபடியே எழில் சொன்னாள், "நீங்க என்னப்பா பண்ணுவீக? பூட்டச் சொன்னா பூட்டத்தான செய்வீக?"

இந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லமாட்டாள் என்றுதான் அய்யா பதினோரு வருஷமாகப் பயந்தேன். எம்புட்டுச் சுளுவாகச் சொல்லிவிட்டாள். ஆனால் வேறு பூட்டுக்கு.

"அம்மா இருந்த ஷெட்டப் பூட்டினவனுக்கும் அதானே தாயி?" என்று கேட்டேன்.

தேய்த்த கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் தலைமேல்தான் இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டாள். கை கழுவாமலே பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அதனால் இதை எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இரண்டு தடவையும் பூட்டுவது என் வேலை, பூட்டினேன். திறக்கச் சொல்லி எனக்கு யாரும் சொல்லவில்லை. உள்ளே இருந்தவர்கள்தான் சொன்னார்கள்.