கேட்டது யாருன்னுதான்

சின்னதா ஒரு சம்பவம் சொல்றேன்... கைதட்டாம கேளுங்க. கைதட்டுற மாதிரி சம்பவம் இல்ல இது.

தணிகாசலம்னு ஒருத்தர். கேபிள் டிவி தொழில். கட்சின்னா உயிர். எந்தக் கட்சின்னு கேக்காதீங்க... சொன்னா உங்கள்ல பாதிப் பேர் சிரிப்பீங்க, மீதிப் பேர் எழுந்து போயிடுவீங்க.

தேர்தல் அன்னிக்கு ஒரு நகராட்சிப் பள்ளிக்கூடத்துல பூத் ஏஜெண்டா உக்காந்திருக்காரு. பக்கத்து நாற்காலியில எதிர்க்கட்சி ஏஜெண்ட் சம்பந்தம். போட்டோவுக்கு பிரேம் போடுற கடைக்காரர். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தோள் இடிக்குது... முகம் பாக்கல.

மத்தியானம் தணிகாசலம் டீ குடிக்க வெளியில வர்றாரு. வந்ததும் கட்சிப் பையன் ஒருத்தன் ஓடி வந்து போனை நீட்டுறான்.

"அண்ணே! நம்ம குரூப்ல வந்திருக்குண்ணே. அவனுங்க வெளியூர்ப் பொம்பளைங்களை இறக்கியிருக்கானுங்க. ஆசிட் போட்டு மையை அழிச்சுட்டு மறுபடி மறுபடி குத்துறாளுங்களாம்!"

யார் பாத்தது? கேக்கல. எந்த பூத்? கேக்கல. கேட்டாரா? எதுக்குக் கேக்கணும்... நம்ம குரூப்ல வந்திருக்கே!

டீயைப் பாதியில வெச்சுட்டு உள்ள போறாரு. வரிசையில ஒரு அம்மா வர்றாங்க. ஐம்பது வயசு இருக்கும். தேவகின்னு பேரு. தணிகாசலம் பாத்ததே இல்ல. அடையாள அட்டையில இருக்கறது இருபது வருஷத்துக்கு முந்தின படம். அந்தம்மா மை வைக்க இடது கையை நீட்டுறாங்க... விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு செவசெவன்னு இருக்கு.

அவ்வளவுதான். எழுந்து நின்னு தேர்தல் அதிகாரியைப் பாத்துக் கத்துறாரு.

"மேடம், நிறுத்துங்க! இது கள்ள ஓட்டு! அந்தக் கையைப் பாருங்க, ஆசிட் போட்டுத் தேச்சிருக்கா! இந்தாம்மா, எவ்வளவு குடுத்தாங்க உனக்கு?"

வரிசை மொத்தமும் எட்டிப் பாக்குது. எவனோ போன் எடுத்துப் படம் பிடிக்கிறான். போலீஸ்காரர் அவனை அதட்டுறாரு. அந்தம்மா, "நான் வீட்டு வேலை செய்யறவ சார்... பெங்களூருல... பாத்ரூம் கழுவுற மருந்து கையெல்லாம் அரிச்சுடுது சார்"னு சொல்றாங்க. யாருக்குக் காதுல விழுது?

தேர்தல் அதிகாரி ஒரு டீச்சர். அவங்க நிதானமா கேட்டாங்க. "இவங்களைத் தெரிஞ்சவங்க யாராவது இங்க இருக்கீங்களா?"

வரிசையில நின்னவங்க வேற தெருக்காரங்க... யாரும் பேசல.

இப்ப சம்பந்தத்தைப் பாருங்க. அவருக்குத் தெரியும். நல்லாவே தெரியும். போன தேர்தல்ல ஓட்டு கேட்டுப் போனப்ப, "என் வாசல்ல உங்க நோட்டீஸை வெக்காதீங்க"ன்னு விரட்டுன அம்மா இவங்க! தணிகாசலம் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவாங்கன்னு அவங்க தெருவுக்கே தெரியும். சம்பந்தம் வாயை மூடிட்டு இருந்தா போதும்... தணிகாசலம் கட்சிக்கு ஒரு ஓட்டு குறையும். அதுவும் தணிகாசலம் கையாலேயே!

சம்பந்தம் எழுந்தாரு.

"எனக்குத் தெரியும் மேடம். குளத்துத் தெருவுல கடைசி வீடு. பேரு தேவகி. புருஷன் செத்ததுக்கு அப்புறம் பெங்களூரு போனாங்க. ஓட்டு இங்கதான். அட்டையில இருக்கறவங்க இவங்களேதான்."

டீச்சர் விசாரிச்சு அனுமதிச்சாங்க. அந்தம்மா முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டுப் போய் ஓட்டுப் போட்டுட்டு, யாரையும் பாக்காம வெளியில போயிட்டாங்க.

தணிகாசலம் தன் நாற்காலியில உக்காந்தாரு. அப்புறம், பல வருஷமா பேசாதவர், பக்கத்து நாற்காலியைப் பாத்து முதல் வார்த்தை பேசுறாரு.

"யோவ்... அது எங்க ஓட்டுன்னு தெரிஞ்சுமா சொன்ன?"

சம்பந்தம் சொன்னாரு: "யாருன்னுதானே கேட்டாங்க? யாருக்குப் போடுவாங்கன்னு கேக்கலையே."

தணிகாசலம் வெளியில வந்து அந்தக் கட்சிப் பையனைப் பிடிச்சாரு. "யாருடா பாத்தது?" "குரூப்ல வந்துச்சுண்ணே." "குரூப்ல போட்டவன் பாத்தானா?" "அவனுக்கும் யாரோ அனுப்புனாங்கண்ணே..." பாத்தவன் ஒருத்தனும் இல்ல!

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுறாரு. பெங்களூரு பஸ்ல ஜன்னல் ஓரமா அந்தம்மா. ஒரு நாள் லீவு போட்டு, ஓட்டுப் போடுறதுக்காகவே வந்தவங்க. இவர் கீழ நின்னு கையைக் கூப்புறாரு. "அக்கா... மன்னிச்சுடுங்கக்கா. தப்பா சொல்லிட்டேன்."

அந்தம்மா திட்டல. "எங்கிட்ட எதுக்கு தம்பி சொல்றீங்க? நான் திருடி இல்லன்னு எனக்குத் தெரியாதா? வரிசையில நின்னாங்களே அத்தனை பேரு... அவங்ககிட்டப் போய் சொல்லுங்க."

பஸ் போயிடுச்சு.

சொன்னாருங்க. வீடு வீடா போய் சொன்னாரு. பாதிப் பேர் கேட்டாங்க, பாதிப் பேர் "அட விடுய்யா"ன்னாங்க. கட்சி குரூப்லயும் போட்டாரு. "அந்தச் சேதி பொய். அதை நம்பி ஒரு பொம்பளையை நான் அவமானப்படுத்திட்டேன்"னு. என்ன ஆச்சு தெரியுமா? பொய்யைப் போட்டவன் குரூப்ல இருக்கான்... உண்மையைப் போட்டவரைத் தூக்கிட்டாங்க!

ஏன் சிரிக்க மாட்டேங்கறீங்க? நம்ம குரூப்பு ஞாபகம் வந்துடுச்சா?

நான் யாரையும் கட்சியை விடச் சொல்லல. கட்சி இருக்கட்டும். ஆனா, எதிர்ப்பக்கத்தைப் பத்தி ஒரு கெட்ட சேதி வந்த உடனே நம்ம மனசுக்குள்ள ஒரு சந்தோஷம் வருது பாருங்க... அந்தச் சந்தோஷத்தைத்தான் முதல்ல சந்தேகப்படணும். பாத்தவன் யாருன்னு கேக்கவிடாம வாயை அடைக்கிறது அதுதான்.

யாரை நம்பறதுன்னு கேக்கறீங்க. தன் பக்கத்துக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் எவன் உள்ளதைச் சொன்னானோ, அவனை நம்புங்க. அவன் எந்தக் கொடியைப் பிடிச்சிருந்தாலும் சரி.

அப்படி ஒரு ஆளை உங்களுக்குத் தெரியுமா? யோசிச்சுப் பாருங்க... சரி, அதை விடுங்க. என்னிக்காவது ஒரு நாள், ஒரே ஒரு நாள்... நாம அந்த ஆளா இருந்திருக்கோமா?