தண்ணீர் தெளியும்வரை

உப்புத் தண்ணீர் நீச்சல் குளத்தில் குளோரினே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள், சார். உண்டு. ஒரு சின்னக் கருவி அந்த உப்பிலிருந்தே அதைத் தயாரித்துக்கொண்டிருக்கும். ஒரே தொல்லை, போகப் போகத் தண்ணீரில் காரம் ஏறும். அவ்வப்போது அளந்து பார்த்து, கொஞ்சம் அமிலம் ஊற்றி இறக்க வேண்டும். விட்டுவிட்டால் சுண்ணாம்பு பிரிந்து தண்ணீர் வெளுத்துப்போகும். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது.

குளம் என் மனைவிக்காகக் கட்டியது. கல்லூரியில் படிக்கும்போது நீச்சலில் பரிசு வாங்கியவள். எனக்கு நீந்தத் தெரியாது. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பேன். அவள் நீந்தி வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். சொல்லுவேன். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு என் தம்பி வந்து சேர்ந்தான். சின்னவன் என்றுதான் வீட்டில் கூப்பிடுவோம். வேலை போய்விட்டது, கொஞ்ச நாள் தங்கட்டும் என்று நான்தான் வரச்சொன்னேன். அவனுக்கும் நீச்சல் தெரியாது. அண்ணி கற்றுக்கொடுத்தாள். வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து மிதக்கவைத்தாள். கற்றுக்கொடுப்பதென்றால் அப்படித்தான், அதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. நான் நினைக்கவும் இல்லை. ஆனால் தண்ணீர் குடித்து அவன் இருமும்போது அவள் சிரிக்கிற சிரிப்பு சமையலறைவரை கேட்கும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் கேட்காத சிரிப்பு. தண்ணீர் எப்படி இருக்கிறதென்று என்னைக் கேட்பதே அவளுக்கு மறந்துபோனது.

நான் அமிலம் ஊற்றுவதை நிறுத்தினேன். எதையும் கலக்கவில்லை, சார், அதைக் கவனியுங்கள். ஊற்ற வேண்டியதை ஊற்றவில்லை, அவ்வளவுதான். கண் எரிந்தால் மேலே ஏறிவிடுவார்கள் என்று நினைத்தேன். கண் எரிந்தது. இருவரும் நீச்சல் கண்ணாடி வாங்கிக்கொண்டார்கள். ஒரே மாதிரி, நீல நிறத்தில்.

அப்புறம் தண்ணீர் வெளுத்து, தரையே தெரியாமல் போயிற்று. இறங்காதே என்று அவனிடம் என் மனைவி சொல்லித்தான் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் உள்ளே தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது, அவன் தனியாக ஆழமான பக்கம் போனான். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். "அண்ணா" என்றான். சத்தமாகக்கூட இல்லை. குளத்தில் சருகு அள்ளுகிற நீளக் கம்பு என் பக்கத்தில் சாய்ந்திருந்தது. நீட்டினால் எட்டியிருக்கும். என் கையில் சோதனைக் குழாய் இருந்தது. இன்னொரு முறை அவன் கை தெரிந்தது. பிறகு தண்ணீர் மூடிக்கொண்டது. மேலிருந்து பார்த்தால் யாரும் இருப்பதாகவே தெரியாது.

அவன் செருப்பை எடுத்து நாற்காலிக்கு அடியில் தள்ளினேன். மனைவி தலை துவட்டிக்கொண்டே வந்தாள்.

"சின்னவன் எங்க?"

"வெளிய போயிருக்கான். வர நேரமாகும்னான்."

அவள் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டாள். தண்ணீர் ஏன் இப்படிப் பால் மாதிரி ஆயிற்று என்று கேட்டாள். விளக்கினேன். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல காலை அதற்கு முன்னால் வந்ததில்லை.

அன்று மதியமே அமிலம் ஊற்றி, வடிகட்டியை ஓடவிட்டேன். அவன் வரவில்லையே என்று அவள் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. விடிந்தபோது தண்ணீர் தெளிந்திருந்தது. மாடி ஜன்னலிலிருந்து அவள்தான் முதலில் பார்த்தாள்.

வாசல் கேமராவில் அவன் வெளியே போனது பதிவாகவில்லை என்கிறீர்கள். போகவில்லை, சார். பொறாமை என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள், எனக்கு அந்தக் குணம் கிடையாது. கம்பை நீட்டாவிட்டாலும் அவளையாவது கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கூப்பிட்டிருந்தால் ஈரத்தலையோடு ஓடிவந்து, ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் குதித்திருப்பாள். அவனுக்காக. அதையும் நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா, சார்?