கண்ணை மூடாதவர்

புலம்பெயர்ந்த நாட்டில், டூங்கபி என்ற புறநகருக்குப் போகும் மாலை ரயில். முன் இருக்கையில் மஞ்சள் வேலைச் சட்டையோடு இரண்டு பேர், யாழ்ப்பாணப் பேச்சு. ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும், மற்றவர் இளையவர். எனக்குத் தமிழ் தெரியும் என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. பெரியவர்தான் தொடங்கினார்.

“இங்கிலீஷ் வகுப்பில ரீச்சர் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னவா. நான் மூடேல்லை.”

“ஏனண்ணை? மனம் அமைதியாகத்தானே. மகளின்ர பள்ளிக்கூடத்திலயும் செய்யினம்.”

“ஊரில என்ர கண்ணைக் கட்டித்தான் கொண்டு போனவங்கள்.”

ஒரு ஸ்டேஷன் வந்து போயிற்று.

“ரீச்சரிட்டச் சொன்னனீங்களோ?”

“சொல்ல எனக்கு இங்கிலீஷ் எங்க? ஆனா அவா கண்டிட்டா. அடுத்த கிழமை நான் இருக்கிற கதிரையை வாசலைப் பாத்துத் திருப்பி வைச்சிருந்தவா. கதவையும் திறந்து விட்டிருந்தவா. கண்ணைத் திறந்துகொண்டே மூச்சைக் கவனிக்கலாம் எண்டு எல்லாருக்கும் பொதுவாச் சொன்னவா. என்னட்ட ஒண்டும் கேக்கேல்லை.”

“இந்தக் குளிருக்கையோ கதவைத் திறந்து விட்டவா?”

“ஓம். மற்ற ஆக்கள் ஜாக்கெட்டோட இருந்து படிச்சவை. அவாவுக்கும் கை விறைச்சுப் போகும். ஒரு நாளும் சாத்தேல்லை.”

“இப்பவும் அப்பிடித்தானோ?”



“நேற்றுத்தான் நான் முதன்முதலா வகுப்பில இங்கிலீஷில வாய் திறந்தனான்.”

“என்ன சொன்னனீங்கள்?”

“‘மிஸ், கதவைச் சாத்தலாம்’ எண்டு.”