இருபத்தோராம் திகதிக்குள் ஊரில் நிற்கவேணும்

— என்னைக் கேக்காமல் ஆர் உன்னை என்ர ரிக்கெற்றை மாத்தச் சொன்னது?

— அக்கா, முதல்ல பெல்ற்றைப் போடுங்கோ.

— கார் ஸ்டேசன் வாசலில நிண்டபடி நிக்குது. உன்ர மனிசி மேனுகா மீன் வாங்கிக்கொண்டு வரட்டும், பிறகு போடுறன். நீ கதையை மாத்தாதை தவம். பதினாலாம் திகதி ஊருக்குப் போறனெண்டு நான் பெட்டியே கட்டிப்போட்டன்.

— பெட்டியைப் பாத்தனான். வென்ட்வேர்த்வில் கடையளில இருந்த சொக்கிலேற் முழுக்க அதுக்குள்ளதான். அவிட்டுச் சாப்பிடுங்கோ, இன்னும் ரெண்டு கிழமை நிக்கலாம். மெல்பேர்ன்ல எங்கட ஆரூரன்ர வீடு குடிபூரல். அக்காவையும் கூட்டிக்கொண்டு வாறனெண்டு சொல்லிப்போட்டன். சிம்பிள்.

— உன்ர சிம்பிளும் நீயும். இருபத்தோராம் திகதி எலெக்சன்.

— எந்த எலெக்சன்?

— எட, எங்கட சனாதிபதி எலெக்சன்! போன கிழமை முழுக்க ஊருக்குப் போன் எடுத்துக் கத்தினியே, அது பிறகு எதுக்காம்?

— ஓ, அது தெரியும். ஆனா அக்கா, உங்கட ஒரு வோட்டுக்கு...

— ஓம், ஒண்டுதான். ரெண்டு தரமாட்டாங்கள்.

— ஒரு கோடிக்கு மேல சனம் போடுது. நீங்கள் ஒராள் போடாட்டில் வெல்லுற ஆள் தோத்துப்போயிடுமோ?

— நல்ல கதை. அப்ப ஏன் ஊரில இருக்கிற சுபாங்கனுக்கும், அவன்ர மாமிக்கும், சந்தியில சைக்கிள் ரியூப் ஒட்டுற பெடியனுக்கும்கூட எடுத்து, கட்டாயம் போடுங்கோ எண்டனி? அவையின்ர வோட்டு வோட்டு, என்ர வோட்டு பூசணிக்காயோ?

— அவையள் நான் ஆளைச் சொன்னா ஓமெண்டுவினம். உங்களைக் கேட்டா சிரிச்சுக்கொண்டு குசினிக்குள்ள தேத்தண்ணி போடப் போயிடுறீங்கள்.

— தேத்தண்ணி நல்லாத்தானே இருந்தது?

— பாத்தீங்களே! அக்கா, நாங்கள் மெரிலேண்ட்ஸில மீட்டிங் வைச்சு, மூண்டு மணித்தியாலம் கதைச்சு ஒராளை முடிவெடுத்திருக்கிறம்.

— கேள்விப்பட்டனான். தின்னவைச்ச ரோல்ஸ் முடிஞ்ச உடன முடிவும் வந்ததாம். மேனுகா சொன்னவள்.

— அவள் ஒருத்தி! சரி, இப்பிடிச் செய்வம். அந்தாளுக்குத்தான் போடுறன் எண்டு சொல்லுங்கோ. இந்த நிமிசமே ரிக்கெற்றைப் பழையபடி மாத்திறன்.

— போடுறனெண்டு உனக்குச் சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போய் வேற ஆளுக்குப் போட்டா, எங்கயிருந்து பாப்பாய்? உந்த ஹாபர் பாலத்துக்கு மேல ஏறி நிண்டோ?

— என்ர அக்கா பொய் சொல்லமாட்டா.

— சொல்லுவன். தலையில அடிச்சுச் சத்தியமும் பண்ணுவன். ஊர் முழுக்க அப்பிடித்தான், கேட்டியோ. வெளிநாட்டுப் போன் வந்தா ஓம் ஓம் எண்டுறது. வைச்ச உடன தங்கட பாட்டைப் பாக்கிறது. நீங்கள் பாவம், நிம்மதியா நித்திரை கொள்ளவேணுமெல்லே?

— அப்ப போன முறை?

— போன முறைக்கு என்ன?

— அண்டைக்கு நான் வேலையால வந்து, சாப்பிடவுமில்லை, உங்களுக்குத்தான் எடுத்தனான். ஒவ்வொரு ஆளா விளங்கப்படுத்தினன். நீங்கள் ஓம் ஓம் எண்டனீங்கள்.

— விடு தம்பி. அந்தா மேனுகா வாறாள் போல.

— அது வேற ஆரோ. சொல்லுங்கோ, நான் சொன்ன ஆளுக்குப் போட்டனீங்களோ இல்லையோ? கோவிக்கமாட்டன். நோ வொறிஸ்.

— ஒருத்தருக்கும் போடேல்ல.

— செல்லாத வோட்டாக்கிப்போட்டு வந்தனீங்களோ?

— வோட்டே இல்லையடா. நீ எடுக்கேக்குள்ள நான் சீலை உடுத்து, சைக்கிளையும் வெளியில எடுத்துவிட்டு நிக்கிறன். நீ சுதந்திரம் கிடைச்ச நாளில இருந்து தொடங்கினாய். வைக்கிறன் தம்பி, வைக்கிறன் தம்பி எண்டு எத்தினை தரம் சொன்னன்! பொறுங்கோ அக்கா, இன்னுமொரு பொயின்ற் எண்டாய். நீ முடிச்சு நான் அங்க போக, பள்ளிக்கூடத்துக் கேற்றைச் சாத்திப்போட்டு பொலிஸ்காரன் வெத்திலை போட்டுக்கொண்டு நிக்கிறான்.

— ஐயோ! பகிடி விடாதேங்கோ அக்கா.

— நானும் பகிடியெண்டுதான் நினைச்சு அவனைப் பாத்துச் சிரிச்சனான். அவன் சிரிக்கேல்ல.

— ஏன் இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்ல?

— சொன்னா, மன்னிப்புக் கேக்கிறனெண்டு இன்னொரு மணித்தியாலம் கதைப்பாய்.

— சரி... ஒரு முறைதானே. அதுக்கு முதல் போட்டிருப்பீங்கள்.

— எங்க? சண்டைக்காலம் ஒருபக்கம். பிறகொருக்கா, போகக்கூடாதெண்டு ஊரே கதவைச் சாத்திச்சு. அடுத்த முறை முகாமில. பஸ் வருமெண்டு விடியவெள்ளன தலை இழுத்து வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டன், வரேல்ல. அதுக்கடுத்த முறை உங்கட பேர் இங்க பதியேல்ல எண்டாங்கள். கடைசியா நீ. முப்பது வருசம் குடியியல் படிப்பிச்சனான் தவம். வாக்குரிமை எண்டு பலகையில எழுதுறன், முன் வாங்கில ஒரு பெட்டை எழும்பி, ரீச்சர் நீங்கள் சனாதிபதிக்குப் போட்டனீங்களோ எண்டு கேக்கிறாள். டஸ்ரரைத் தேடுற மாதிரிக் குனிஞ்சிட்டன்.

— அக்கா...

— என்ன?

— கொஞ்சம் பேசாமல் இருங்கோ. பாஸ்போர்ட் நம்பர் அடிக்கிறன்.

— நான் இன்னும் உன்ர ஆளுக்குப் போடுறனெண்டு சொல்லேல்லையே.

— சொல்லவேண்டாம். பதினாலாம் திகதிப் பிளேன் நிரம்பீட்டுது. பதினாறு இருக்கு. ஆனா சிங்கப்பூரில கனநேரம் காவல் கிடக்கவேணும்.

— கிடக்கிறன். இருக்கிறதுக்குக் கதிரை இருக்குமெல்லே?

— இருக்கும். ஜன்னல்பக்கம் போட்டிட்டன். ஆரூரன் கோவிப்பான், அதை நான் பாக்கிறன். இந்தாங்கோ, உங்கட பேர், திகதி, எல்லாம் சரியோ எண்டு பாருங்கோ.

— மிருணாளினி... ஓம், நான்தான். பதினாறு. ஓம். நல்ல பிள்ளை நீ, கதைக்காத நேரத்தில.

— உந்த வாயை ஊரில விட்டிட்டு வந்திருக்கலாம் நீங்கள்.

— சரி, இப்ப நான் கேக்கிறன். போட்டியில முப்பத்தெட்டுப் பேராம். உன்ர ஆளைச் சொல்லு, யோசிச்சுப் பாக்கிறன்.

— வேண்டாம் அக்கா. உங்களுக்குப் பிடிச்ச ஆளுக்குப் போடுங்கோ.

— எட, மெரிலேண்ட்ஸே அதிரக் கத்தினவன் இப்ப வாயைப் பூட்டுறான்! இங்கத்தை எலெக்சனுக்கும் சந்தியில நிண்டு நோட்டீஸ் குடுத்தது நீதானாம். சரி, ஆளை விடு. ஒண்டு கேட்டாச் சிரிக்கமாட்டியே?

— கேளுங்கோ.

— நான் படிப்பிச்சதெல்லாம் புத்தகத்தில இருந்ததுதான். அந்த மறைப்புக்குள்ள தனிய நிக்கேக்குள்ள எப்பிடியடா இருக்கும்? முதல்முதல் போடேக்குள்ள உனக்கு எப்பிடி இருந்தது?

— எனக்குத் தெரியாது அக்கா.

— மறந்துபோனியோ?

— மறக்க என்ன இருக்கு? வோட்டு வாற வயசில ஓடித்திரிஞ்சன். பிறகு படகேறினன். இங்க வந்து பன்னிரண்டு வருசம், விசா தந்திட்டாங்கள், சிற்றிசன்சிப் இன்னும் இல்லை. நோட்டீஸ் குடுக்கிறதோட சரி. எந்த நாட்டிலயும் ஒருநாளும் நான் அந்த வாசலைத் தாண்டி உள்ளுக்குப் போகேல்ல அக்கா.