மாமனார் வீட்டு ரேடியோ

அது நல்ல ரேடியோ, சார். கல்யாணமான புதிதில் மாமனாருக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பேச்சு துல்லியமாகக் கேட்கும்.

நான் வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துகிறவன். எங்கள் ஊரில் மூன்று நிலையங்கள். எதற்கு எத்தனை நேயர்கள் என்று கணக்கெடுக்க, ஒரு நிறுவனம் சில வீடுகளில் மட்டும் சின்னப் பெட்டி வைத்திருக்கிறது. அங்கே எந்த நிலையம் ஓடுகிறதோ அதைப் பெட்டி பதிந்துகொள்ளும். அப்படி ஒரு வீடு, கணக்கில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சமம். வானொலிக்காரர்களின் சொந்தக்காரர் வீட்டில் அதை வைக்கக் கூடாது. மாமனார், மருமகன் வானொலிக்காரன் என்பதை மறைத்துவிட்டு வாங்கி வைத்திருந்தார். அலமாரியில் அதைப் பார்த்த அன்று எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அவர் கேட்டதோ எதிர் நிலையம். தொட்டதற்கெல்லாம் கெக்கெக்கே என்று சிரிக்கும் ஒருத்தி அங்கே பேசுகிறாள். அவளால் நான் மூன்றாம் இடத்துக்குச் சரிந்திருந்தேன். அடுத்த கணக்கிலும் இதே கதை என்றால் நிகழ்ச்சியை எடுத்துவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"மாமா, காலைல நம்ம ஸ்டேஷன வைக்கலாமே?" என்று கேட்டேன்.

"தப்பா நினைக்காதீங்க மாப்ள. உங்க பேச்ச வீட்லயே கேட்டுட்டுதானே இருக்கோம்? ரேடியோலயும் எதுக்கு?"

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. இன்னும் அடங்கவில்லை. என் பிழைப்பில் மண் விழுகிறது, அப்பனுக்கும் மகளுக்கும் அது வேடிக்கை.

கணக்கெடுப்பு வாரத்தில் என் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். தனியாக இருக்கும் அப்பாவை ஒரு எட்டு போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சாவியைக் கொடுத்திருந்தாள். வேலைக்குப் போகும் வழியில் நுழைந்தேன். குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். வாய் கோணியிருந்தது.

"மாப்ள... ஆஸ்பத்திரி..." என்றார்.

கூடத்து ரேடியோவில் அந்தக் கெக்கெக்கேக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

நிதானமாகத்தான் யோசித்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு நானும் கூடப் போக வேண்டும். நிகழ்ச்சியும் போச்சு, கணக்கும் போச்சு. ரேடியோவைத் திருப்பி எங்கள் நிலையத்தை வைத்தேன். அங்கிருந்தே அவருக்குக் கேட்க வேண்டுமே என்று சத்தத்தைக் கூட்டினேன். தலைக்குத் தலையணையும் வைத்தேன். பிறகு கதவைப் பூட்டினேன்.

அன்று நன்றாகப் பேசினேன். உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருக்கும் ஒரு பெரியவருக்காக என்று பாட்டும் போட்டேன். திரும்பிப் போனபோது அவர் கண் திறந்தபடியே இருந்தது, மூச்சுதான் இல்லை. அழுதேன். அது நடிப்பில்லை.

காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். விழுந்து கிடந்தவர் எழுந்துபோய் எப்படி நிலையத்தை மாற்றினார் என்று பெட்டியைப் படித்துப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டீர்கள். நான்தான் மாற்றினேன். ஒளிக்க என்ன இருக்கிறது?

வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு என் நிகழ்ச்சி பிடிக்காது என்று என் மனைவி சொல்லியிருப்பாள். பச்சைப் பொய். பெட்டியை மறுபடி பாருங்கள் சார், நிகழ்ச்சி முடியும்வரை அவர் நிலையத்தை மாற்றவே இல்லை.