ஆகாஷ் அனுப்பிய படம்

திருத்தணியில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, சார். தெருவுக்கு நாலு பேர் சந்தனம் பூசிக்கொண்டு நடப்பார்கள். என் மகள் யுவஸ்ரீதான் அதை அவமானம் என்றாள்.

சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் முற்றியபோது, அவள் முடியை முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். கல்லூரி இரண்டாம் வருடத்தில்தான் செலுத்த முடிந்தது. மலையில் தலையைக் குனிந்து கொடுத்தாள். பிறகு ஒரு விக் வாங்கி வைத்துக்கொண்டு தினமும் கல்லூரிக்குச் சென்னை ரயில் ஏறினாள். வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பிள்ளைகள் இணையத்தில் யாரோடு பழகுகிறார்கள் என்று கவனிக்கும்படி கல்லூரிப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்கள். கவனித்தேன். ஆகாஷ் என்ற பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி அவளுக்கு அழைப்பு அனுப்பினேன். மறுப்பாள் என்று நினைத்தேன். ஏற்றுக்கொண்டாள். அவளுக்கு எது பிடிக்கும் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? ஆகாஷுக்கும் தெரிந்திருந்தது. என்னிடம் சொல்லாததையெல்லாம் அவனிடம் சொன்னாள். அவள் வகுப்பில் பாதிப்பேர் அவனுக்கு நண்பர்களானார்கள். ஒருநாள் விக்கைக் கழற்றிவிட்டுப் படம் எடுத்து அனுப்பினாள். உன்கிட்ட மட்டும்தான் காட்டுறேன் என்று எழுதியிருந்தாள்.

முகம் தெரியாதவனுக்குப் படம் அனுப்பலாமா? பாடம் கற்பிக்க வேண்டியிருந்தது. வகுப்பு முழுக்கக் காட்டிவிடுவேன் என்று ஆகாஷ் மிரட்டினான்.

அவளாக என்னைத் தேடிச் சமையலறைக்கு வந்தாள்.

"எம்மா, ஒருத்தன் மிரட்டிகினே இருக்கான்."

"மொட்டைப் படத்த எதுக்குடி அனுப்பின?"

எடுத்த தட்டு அவள் கையிலேயே நின்றது. "படம்னு நான் இன்னும் சொல்லவே இல்லியே."

"சாப்புடு மொதல்ல."

சாப்பிடவில்லை. உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஆகாஷுக்கு ஒரு செய்தி வந்தது. "எம்மா, போட்டுடாதம்மா."

மிரட்டியதைச் செய்யாமல் விட்டால் பாடம் பதியாது. அத்தனை பேருக்கும் அனுப்பினேன்.

மறுநாள் தண்டவாளத்தில் கிடந்த உடலை அடையாளம் காட்ட ரயில்வே போலீஸார் அரக்கோணத்துக்குக் கூப்பிட்டார்கள். தலையில் விக் இல்லை. முருகனுக்குக் கொடுத்ததைக் கடைசியிலாவது மறைக்காமல் போனாள்.

செய்தது நான்தான். ஹேமாவதி என்று எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வருத்தப்படுகிறாயா என்று மட்டும் கேட்காதீர்கள். வேறு பெண்களுக்கு எவனாவது கயவன் வாய்க்கிறான். அவளுக்கு வாய்த்தது அம்மா.

நீங்கள் வாங்கி வைத்திருக்கும் என் போனைத் திருப்பிக் கொடுங்கள், சார். இப்போது அதில் நான் ஸ்ரீதர். யுவஸ்ரீயோடு படித்த மோனிகா பேசிக்கொண்டிருக்கிறாள். தாயில்லாத பெண். பதிலுக்குக் காத்திருப்பாள்.