அஞ்சலி அட்டை

ஸ்டேஷன் காபி வாயில் வைக்க முடியாது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், சார். அருமையாகத்தான் இருக்கிறது.

என் தொழில் பேய்ப் படங்களுக்கு டைட்டில் செய்வது. படம் தொடங்கும்போது பெயர்கள் வருமே, அந்த மூன்று நிமிடம் என்னுடையது. பாதிப் பேர் அப்போதுதான் பாப்கார்னோடு இடம் தேடுவார்கள். போகட்டும். மீதிப் பேருக்கு அடிவயிறு கலங்கினால் போதும்.

இந்தப் படத்துக்கு ஒரு கிணறு, தண்ணீருக்குள்ளிருந்து எழும் ஒரு கை, அவ்வளவுதான். மோகனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் நான்கு பேரை இறக்கிப் படம் பிடித்தேன். நால்வரும் நல்ல நீச்சல்காரர்கள். இயக்குநர் கவின் பார்த்துவிட்டு, "கை நடிக்குதுங்ண்ணா" என்றான். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் சொன்னதும் சரிதான். நீந்தத் தெரிந்தவன் கையில் பயம் எங்கிருந்து வரும்?

வேலுசாமி எடப்பாடியில் எங்கள் தெருவில் தறி ஓட்டுகிறவர். ஒல்லியான, நீளமான விரல்கள். நீச்சல் தெரியாது. தங்கமான மனுஷன், சினிமா என்றதும் மனைவி வசந்தாமணியிடம் சொல்லிவிட்டுத் தறியை நிறுத்திவிட்டு வந்துவிட்டார். எங்கள் இருவரைத் தவிரக் கிணற்றடியில் யாருமில்லை. கூட்டமிருந்தால் எனக்கு வேலை ஓடாது.

இடுப்பில் கயிறு கட்டினேன். "கயித்த உட்றமாட்டீங்கல்லங்க?" என்றார்.

"நாந்தான் இருக்கறனுங்களே, எறங்குங்க" என்றேன்.

கயிறு நழுவிவிட்டது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். துக்கம் கேட்கப் போனபோது வசந்தாமணி எனக்கு ஆறுதல் சொன்னார். "நீங்க என்னங்க பண்ணுவீங்க, அவருக்கு விதி" என்றார்.

என்னைக் கெடுத்தது என் ஒழுங்கு. படத்தில் முதலில் வருவது அஞ்சலி அட்டை: மாலை போட்ட புகைப்படம், கீழே பெயர். நான் எப்போதும் முதல் அட்டையில் தொடங்கி வரிசையாகத்தான் செய்வேன். வேலுசாமியின் அட்டையைத் திங்கட்கிழமையே முடித்துவிட்டேன். அவர் கிணற்றில் இறங்கியது புதன்கிழமை. கோப்பில் தேதி பதிவாகும் என்பது, இருபது வருடம் கம்ப்யூட்டரோடு குப்பை கொட்டிய எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.

அதைத் திட்டம் என்று எழுதாதீர்கள், சார். ஒருவேளை அப்படி ஆகிவிட்டால் வேண்டியிருக்குமே என்ற முன்யோசனை, அவ்வளவுதான். அவர்மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது. மாலையை நானே பூப்பூவாக வரைந்தேன். மற்ற அட்டைகளுக்கு மூன்று வினாடி, அவருக்கு ஆறு. எந்தத் தயாரிப்பாளரின் அப்பாவுக்கும் நான் அவ்வளவு கொடுத்ததில்லை.

கயிற்றை விட்டேன், ஆமாம். கை எழுந்தது, விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தேவைப்பட்டது நான்கு வினாடிதான். அது கிடைத்ததும் இழுத்திருக்கலாம். கயிற்று நுனி என் காலடியில்தான் கிடந்தது. ஆனால் கை இன்னும் அசைந்துகொண்டிருந்ததே, இரண்டாம் பாகத்துக்கு உதவும் என்று கேமராவை ஓடவிட்டேன்.